தறி ஓடாத நாளில் ஓசு

ஜப்பானைத் தெரிந்துகொள்ள எந்தப் படத்தில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், குரோசவாவின் 'ஏழு சாமுராய்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மகத்தான படம், சந்தேகமில்லை. ஆனால் வாளோடு தொடங்குகிறவர்களில் பலர் வாளோடே நின்றுவிடுகிறார்கள். சாமுராய், கெய்ஷா, செர்ரிப் பூ, புல்லட் ரயில் என்று ஒரு ஜப்பான் மனதில் அமைந்துவிடுகிறது. அங்கே யாரும் வேலைக்குப் போவதில்லை, யாருக்கும் கடன் இல்லை.

நூலோடு தொடங்கினால் என்ன என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. மெய்ஜி காலத்திலிருந்து 1930கள் வரை ஜப்பானின் தலையாய ஏற்றுமதிச் சரக்கு கச்சாப் பட்டு. அந்தப் பணத்தில்தான் அந்த நாடு இயந்திரம் வாங்கியது, கப்பல் வாங்கியது. அந்தப் பட்டை இழுத்த பெண்களையும் நெய்த குடும்பங்களையும் பற்றி ஜப்பானியர்களே எடுத்த மூன்று படங்கள் என் மடிக்கணினியில் இருந்தன. அவற்றைத் திரைப்படச் சங்கத்தின் குளிரூட்டிய அறையில் பார்த்தாயிற்று. தறி தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றுதான் இளம்பிள்ளைக்குக் கிளம்பினேன்.

சேலத்தில் இறங்கியதும் முதலில் ஏற்காடு சாலைக்குப் போனேன். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு அங்கே இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இவர்களிடமிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது. சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித்தொழில் படித்துவிட்டு வந்து, சினிமாக் கம்பெனி கட்டினார். இதே போன்ற ஒரு தாவல் ஜப்பானிலும் நடந்தது. தச்சர் மகனான சகிச்சி டொயோடா தறியை மேம்படுத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1924இல் அவர் முடித்த தானியங்கித் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு விற்றார்கள். அவருடைய மகன் கிச்சிரோ இறங்கிய கார் ஆராய்ச்சிக்கு அந்தத் தொகை கைகொடுத்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் டொயோட்டாவின் பூர்வீகம் ஒரு தறிக்கூடம். தறிக்கு அடுத்து அவர்களுக்குக் கார் வந்தது, சேலத்துக்குச் சினிமா வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்த மறு ஆண்டு, 1936இல், யசுஜிரோ ஓசு தன் முதல் பேசும்படத்தை முடித்தார். 'ஒரே மகன்' என்பது அதன் பெயர். அது ஒரு பட்டு ஆலையில் தொடங்குகிறது.

சித்தர்கோவில் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். இடப்புறம் கஞ்சமலை வெகுதூரம் கூடவே வருகிறது. இரும்புத்தாது கொண்ட மலை; அடிவாரத்துச் சித்தேஸ்வரர் கோவிலில் அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. மறுநாள் அமாவாசை என்பதால் பூஜைச் சாமான் பைகளோடு ஏறியவர்கள் பலர். மற்றப் பைகளில் சேலைகள். இளம்பிள்ளைக்குப் போகும் பேருந்தில் துணி மூட்டை இல்லாத நாள் இருக்குமா என்று தெரியவில்லை.

ஊருக்குள் கடைத்தெரு முழுக்கச் சேலைக்கடைகள். காட்டன் சில்க், சாஃப்ட் சில்க், கல்யாணப் பட்டு என்று தெருவுக்குத் தெரு விரித்துப் போட்டிருக்கிறார்கள். கடைவாசலில் ஒரு பெண் கைபேசியைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, முந்தியைத் தோளில் போட்டுக் காட்டி, விலையையும் வண்ணத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்கள் எந்த ஊரிலோ இருக்கிறார்கள். சேலை கூரியரில் போகும். கடைத்தெருவைத் தாண்டி உள்ளே நடந்தால் விசைத்தறிச் சத்தம். வீட்டின் முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்பு. ஒரு திண்ணையில் மூதாட்டி ஒருவர் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டில் சாயம் தோய்த்த நூல்கட்டு காய்ந்துகொண்டிருந்தது.

நான் தங்கியது கல்லூரி நண்பரின் அண்ணன் வீட்டில். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது கன்னடம், தெருவில் தமிழ். அண்ணனிடம் விசைத்தறிகள் உண்டு. அப்பா உட்கார்ந்த குழித்தறி ஒன்றையும் பிரிக்காமல் வைத்திருக்கிறார். அமாவாசையன்று தறி ஓட்டுவதில்லை என்பது நெசவுக் குடும்பங்களின் பழைய வழக்கம். பல பட்டறைகளில் அது போய்விட்டது. இந்த வீட்டில் ஆயா இருக்கும்வரை போகாது என்று அண்ணி சொன்னார்.

மறுநாள் காலை சாமி கும்பிட்டு முடித்ததும், தறிமேடைக்குப் பக்கத்தில் பாய் விரித்து, முக்காலியில் மடிக்கணினியை வைத்தோம்.

முதலில் போட்டது தொஷியோ மத்சுமொதோ 1961இல் எடுத்த 'நிஷிஜின்'. கறுப்பு வெள்ளை ஆவணப்படம், அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிஷிஜின் கியோத்தோவின் நெசவுப் பேட்டை. அங்கே நெய்யும் ஜரிகைப் பட்டுதான் கிமோனோவுக்கு மேல் கட்டும் ஓபி என்ற இடைக்கச்சைக்குப் போகிறது. மத்சுமொதோ அந்த அழகுத் துணியை விளம்பரம்போலக் காட்டவில்லை. கைகள், இழைகள், இருண்ட முன்கட்டு, குறுகிய சந்து, பேசாத முகங்கள் என்றே போகிறார். முதன்முதலில் பார்த்தபோது அது ஒரு கவித்துவமான சோதனைப் படம் என்று குறித்து வைத்தேன்.

அண்ணன் வேறு படம் பார்த்தார். சில நிமிடத்திலேயே, "நிறுத்துங்க, நிறுத்துங்க. அது நம்ம பெட்டிதானுங்களே?" என்றார்.

ஜக்கார்டு பெட்டியைச் சொல்கிறார். தறிக்கு மேலே உட்கார்ந்து, துளைபோட்ட அட்டைகளைப் படித்து, எந்தப் பாவு இழை மேலே எழும்பவேண்டும் எது கீழேயே கிடக்கவேண்டும் என்று முடிவுசெய்யும் கருவி. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கும், இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. ஓர் ஊடை ஓட்டத்துக்கு ஓர் அட்டை. அப்படி நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கயிறு கோத்துத் தொங்கவிட்டால்தான் முந்தியில் ஒரு மயில் தோகை விரிக்கும். எழுந்துபோய் அப்பாவின் தறிக்கு மேலே தொங்கிய பழைய அட்டைக்கோவையைத் தொட்டுக் காட்டினார். விரல்பட்டு விளிம்பு மழுங்கி, எண்ணெய் ஏறிப் பழுத்துப்போன அட்டைகள். திரையில் ஓடியதும் அதுவேதான்.

அந்தப் பெட்டி கியோத்தோவுக்குப் போன கதையை அப்போது சொன்னேன். 1869இல் பேரரசர் தோக்கியோவுக்குப் போய்விட்டார். அரண்மனையையும் பிரபுக்களையும் நம்பி நெய்த நிஷிஜினுக்கு வாங்குவோர் இல்லாமல் போனார்கள். 1872இல் கியோத்தோ நிர்வாகம் சகுரா ட்சுனேஷிச்சி, இனோவே இஹேய், யோஷிதா சூஷிச்சி என்ற மூன்று பேரை பிரான்சின் லியோன் நகருக்கு ஜக்கார்டு பழக அனுப்பியது. மொழி தெரியாத ஊரில் தறியைப் பார்த்துப் பார்த்தே கற்றார்கள். முதல் இருவரும் இயந்திரத்தோடு திரும்பினார்கள். பின்தங்கி இன்னும் கற்றுக்கொண்டு வந்த யோஷிதா, 1874இல் வந்த கப்பல் இஸு கடற்கரைக்கு அருகே மூழ்கி இறந்துபோனார். கரை தெரியும் தூரத்துக்கு வந்தும் வீடு சேரவில்லை. அண்ணி சத்தமில்லாமல் உச்சுக்கொட்டினார்.

மேற்கத்திய நுட்பத்தை ஜப்பான் சுவீகரித்த கதையைச் சீருடையும் ரயிலுமாகவே படித்திருக்கிறோம். அது ஒரு நெசவாளியின் உயிரையும் வாங்கியிருக்கிறது. பத்துப் பக்க வரலாறு சொல்லாததை அட்டைக்கோவை ஓடும் அந்தக் காட்சி எனக்குச் சொல்லியது, அதுவும் அண்ணன் கைவைத்துக் காட்டிய பிறகு.

நிஷிஜினில் ஒரு வேலையை ஒரே வீடு முழுக்கச் செய்வதில்லை. படம் வரைபவர் ஒருவர், அட்டை அடிப்பவர் இன்னொருவர், சாயம் தோய்ப்பவர், பாவு ஓட்டுபவர், நெய்பவர் என்று தனித்தனி வீடுகள். நூலும் டிசைனும் முதலாளி வீட்டிலிருந்து வரும், தறி நெசவாளி வீட்டில் ஓடும், கூலி துணிக்குக் கணக்கு. "இதை எதுக்குங்க ஜப்பான்ல போய்ப் பாக்கணும்? நம்ம தெருதானே?" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அவரே இன்னொன்றையும் கவனித்தார். படத்தில் வரும் நெசவாளி வீட்டில் எல்லாச் சாமானும் அதனதன் இடத்தில் இருக்கிறது. நூல் நுனிகூடத் தரையில் இல்லை. ஜப்பானியர்களின் சுத்தத்தைப் பிறவிக் குணமாகச் சொல்வது நம் வழக்கம். அவர் அதை நெசவாளிக் கண்ணோடு பார்த்தார்: ஓபிக்கான பட்டில் ஒரு தூசு பட்டாலும் முதலாளி கூலியில் பிடிப்பான், அதனால்தான் இவ்வளவு ஒழுங்கு என்றார். குணம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று எனக்கு அதற்குமுன் தோன்றியதில்லை. படத்துக்கு வெளியே தெரிந்த ஒன்றையும் சொன்னேன். நிஷிஜினில் 'த்சுஸுரே' என்ற வகையை நெய்பவர்கள் தம் விரல் நகத்தை ரம்பப் பல் போல அராவி வைத்திருப்பார்கள், அந்த நகத்தால்தான் ஊடையை வாரி நெருக்குவார்கள் என்று. அண்ணன் தன் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மதியம் சாப்பிட்டதும் 'ஒரே மகன்' போட்டோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஷின்ஷு மலைநாட்டில் ஒரு விதவைத் தாய், பட்டு ஆலையில் வேலை. மகன் நன்றாகப் படிக்கிறான், மேலே படிக்கவைக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார். அவள் நிலத்தையும் வீட்டையும் விற்றுப் படிக்கவைக்கிறாள். வருடங்கள் கழித்து மகனைப் பார்க்கத் தோக்கியோவுக்கு வருகிறாள். பெரிய உத்தியோகத்தில் இருப்பான் என்று நினைத்தவன் இரவுப் பள்ளி வாத்தியாராக, ஊர்க்கோடியில் குடியிருக்கிறான். கல்யாணம் செய்துகொண்டதும் குழந்தை பிறந்ததும்கூட அவளுக்கு வந்துதான் தெரிகிறது. படிக்கச் சொன்ன அந்த ஆசிரியரும் தோக்கியோவில் கட்லெட் கடை வைத்திருக்கிறார்.

ஓசு தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் தாழ்வாகக் கேமராவை வைப்பார் என்பதைப் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும். பாயில் உட்கார்ந்து பார்த்த அந்த வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. திரையில் இருப்பவர்களும் பாயில், பார்ப்பவர்களும் பாயில். வாசலில் செருப்பைக் கழற்றுவது, விருந்தாளிக்கு முதலில் தட்டு வைப்பது, குழந்தை தூங்கிக்கொண்டிருக்க மெல்லிய குரலில் பேசுவது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த உலகம்.

அம்மாவை வெளியே அழைத்துப்போகக் கையில் காசு இல்லை. மகன் சக ஆசிரியர்களிடம் கடன் வாங்குகிறான். அதுவும் தீர்ந்தபின் மனைவி சுகிகோ தன் கிமோனோவை விற்றுவிட்டு வந்து பணத்தை நீட்டுகிறாள். நகரத்துப் பார்வையாளனாக நான் அதை ஒரு நல்ல மருமகளின் தியாகம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா உடனே, "கல்யாணச் சேலையா?" என்று கேட்டார். படத்தில் அது சொல்லப்படவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சரியான இடத்தில் விழுந்த கேள்வி. துணி அந்த ஜப்பானில் சேமிப்பு. தாய் மகளுக்குக் கொடுப்பது, கஷ்டம் வந்தால் அடகுக்கடைக்குப் போவது, வசதி வந்தால் மீட்பது. நகைக்கு நம்மிடம் உள்ள இடத்தில் பாதி அங்கே பட்டுக்கு இருந்தது. சேலை விற்றே பிழைக்கும் ஊரில் உடுத்திய சேலையை விற்பது என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பணத்தோடு வெளியே கிளம்பும் நேரத்தில் அண்டை வீட்டுச் சிறுவன் குதிரை உதைத்து அடிபடுகிறான். மகன் அந்தப் பணத்தை அப்படியே அவன் தாயிடம் கொடுத்துவிடுகிறான். பெரிய மனிதனாக ஆகாவிட்டாலும் இவன் நல்லவனாக இருக்கிறான் என்று தாய்க்கு ஒரு நிறைவு. ஊர் திரும்பியதும் ஆலையில் தோழி கேட்கிறாள். மகன் பெரிய ஆளாகிவிட்டான் என்று சொல்கிறாள். பிறகு ஆலைக்குப் பின்புறம் தனியாகப் போய் உட்கார்ந்து துயரத்தில் ஆழ்கிறாள்.

இந்தக் கடைசிப் பகுதியை விமர்சகர்கள் ஜப்பானிய மனதின் மறைபொருளாகப் பேசுவார்கள்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, முகம் காப்பது என்று. ஆயா அதுவரை பேசவில்லை. படம் முடிந்ததும், "பின்ன என்னத்தச் சொல்லுவா? வித்ததையா சொல்லுவா?" என்றார். யாரும் பதில் பேசவில்லை. எனக்கும் அதன்மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். நம் படமாக இருந்தால் தாயும் மகனும் ஒரு காட்சியிலாவது கத்தித் தீர்த்திருப்பார்கள். இங்கே தாய் ஒருமுறை கடிந்துகொள்கிறாள், அதுவும் அவன் மனம் தளர்ந்துவிட்டான் என்பதற்காக. ஏமாற்றத்தைவிடச் சோர்வு அவளுக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. அந்த இடத்தில்தான் ஜப்பான் நம்மிடமிருந்து விலகுகிறது. விலகுகிறது என்பதே மற்ற எல்லாம் இவ்வளவு ஒட்டிவந்ததால்தான் கண்ணில் படுகிறது.

சினிமா வழியாக ஜப்பானோடு நமக்குப் பழைய உறவு உண்டு. 'ராஷோமோன்' காட்டிய உத்தியை வைத்து எஸ். பாலச்சந்தர் 1954இல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தார். தகேஷி கிதானோவின் 'கிகுஜிரோ'வை ஒட்டி மிஷ்கின் 2010இல் 'நந்தலாலா' தந்தார். 1998இல் தோக்கியோவின் ஷிபுயாவில் 'முத்து' மாதக்கணக்கில் ஓடி, ரஜினிக்கு ஜப்பானிய ரசிகர்களைச் சேர்த்தது. அந்த ரசிகர்கள் நம் ஆட்டத்தையும் நிறத்தையும் கொண்டாடினார்கள், அதற்கு நன்றி. ஆனால் 'முத்து'வை மட்டும் வைத்து நம்மைப் புரிந்துகொண்டவர்களும் வாளை மட்டும் வைத்து ஜப்பானைப் புரிந்துகொண்ட நாமும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

மூன்றாவது படத்தை அன்று முழுதும் பார்க்க முடியவில்லை. சத்சுவோ யமமொதோ 1979இல் எடுத்த 'ஆ! நொமுகி கணவாய்'. 'ஒரே மகன்' தாய் வேலைபார்த்த அதே ஷின்ஷுவின் பட்டு ஆலைகள்தான் களம், காலம் மட்டும் அதற்கும் முந்தியது. ஹிதா பகுதியின் ஏழை வீடுகளிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள் பனிமூடிய நொமுகி கணவாயைக் கால்நடையாகக் கடந்து ஒகாயா ஆலைகளுக்குப் போனார்கள். பெற்றோர் முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்திருப்பார்கள். கொதிநீர்த் தொட்டியில் கூட்டை வேகவைத்து இழை இழுக்கவேண்டும். இழையின் சீர் தினமும் சோதிக்கப்படும். கூலிக்கான மொத்தத் தொகை மாறாது; மட்டமாக இழுத்தவளிடம் பிடித்து நன்றாக இழுத்தவளுக்குக் கொடுப்பார்கள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளே போட்டியாளி. மசாய் மினே என்ற பெண் 1909இல் நோயில் விழுந்தாள். செய்தி கிடைத்து வந்த அண்ணன் அவளை முதுகில் சுமந்து ஊருக்குக் கிளம்பினான். கணவாயின் உச்சியில், சொந்த ஊர்த் திசை கண்ணில் பட்ட இடத்தில், அவள் உயிர் பிரிந்தது. நடந்த கதை இது. ஷிகெமி யமமொதோ அந்த மலைநாட்டுக் கிழவிகளைத் தேடிப்போய்க் கேட்டு 1968இல் புத்தகமாக்கினார், அதிலிருந்து படம் வந்தது.

முன்பணமும் கூலிப் பிடிப்பும் வந்த இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் தங்கை பேசினாள். பள்ளியை விட்டதும் மேற்கு மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவளாம். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லிக் கூட்டிப்போவார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஊரறிந்த ஏற்பாடு. இடையில் வெளியேறினால் அந்தத் தொகை கிடையாது. "எங்களுக்கும் ஒரு பொண்ணுக்கு முடியாம போச்சு, வூட்டுக்கு அனுப்பிச்சாங்க" என்று தொடங்கியவள் மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருட்டும் நேரம், கோவிலுக்குப் போகவேண்டும் என்று எல்லோரும் எழுந்தார்கள்.

ஜப்பான் பணக்கார நாடானதற்கு உழைப்பும் ஒழுக்கமும்தான் காரணம் என்று மேடைதோறும் சொல்கிறோம். உழைத்தது யார், எந்த வயதில், என்ன கூலிக்கு என்று அந்த நாட்டுப் படங்களே கேட்டுவிட்டன. தம் நாட்டின் பெருமைக்கு அடியில் கிடந்த சிறுமிகளைப் பார்க்க அவர்கள் கேமராவைத் திருப்பினார்கள். நமது நூற்பாலை விடுதிகளைப் பற்றி அந்த அளவில் ஒரு படம் தமிழில் வரவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். பிரகாஷ்ராஜ் நடித்த 'காஞ்சிவரம்' நெசவாளியைப் பார்த்தது. நூற்றவளை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அண்ணனின் மகள் சேலத்தில் படிக்கிறாள். எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்குக் கணினியில் டிசைன் போடப் பழகுகிறாள். அட்டைக்கோவை இனி அவளுக்கு ஒரு கோப்பு. 'நிஷிஜின்' படத்தைத் தனக்கு வேண்டும் என்றாள். தமிழ் வசனவரி போட்டுத் தெருவில் எல்லாருக்கும் காட்டலாமா என்று கேட்டாள். ஜப்பானிய வர்ணனையை ஆங்கிலத்திலிருந்து மாற்றித் தருவது என் வேலை என்று ஒப்புக்கொண்டேன்.

"தறி வர்ற இடம் மட்டும் நீங்க எழுதாதீங்க சார்," என்றாள். "அதை எங்கப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன்."